வெறும் வயிற்றில் பால்வெட்டு: எல்லையோரத் தொழிலாளி ஒருவரின் சர்க்கரைத் தாழ்வு பற்றிய நிகழ்வு ஆய்வு

பின்னணி

கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்கு ஓரத்தில், பனச்சமூட்டைச் சுற்றியுள்ள ஊர்களில், தமிழ்நாடும் கேரளமும் வேலிக்கு வேலி கலந்து கிடக்கின்றன. அத்தகைய ஊர் ஒன்றில் தொண்டு நிறுவனம் நடத்தும் சிறு மருத்துவமனையில் நான் சமுதாயச் செவிலியராகப் பணிபுரிகிறேன். இங்கே பதிவாகும் நிகழ்வு 2023 ஜூன் முதல் 2024 ஜூன் வரை நடந்தது. சம்பந்தப்பட்டவரும் அவருடைய மனைவியும் இதை எழுத இசைவு தந்துள்ளனர். அவர்களை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மட்டும் விட்டுவிட்டேன்.

அவருக்கு அப்போது வயது 53. முப்பது ஆண்டுகளாக, ரப்பர் மரத்தின் பட்டையைச் சீவிப் பால் எடுக்கும் பால்வெட்டே தொழில். எல்லைக்கு அப்பால் வெள்ளறடைப் பக்கத்தில் உள்ள தனியார் தோட்டத்தில் ஒன்றுவிட்டு ஒரு நாள், ஏறத்தாழ 320 மரங்களை வெட்டுகிறார். இடைப்பட்ட நாள்களில் ரப்பர் பாலை உறையவைத்து ஷீட் அடிப்பது, மரத்தில் காய்ந்து ஒட்டிய ஒட்டுபால் பொறுக்குவது, வீட்டைச் சுற்றியுள்ள புரையிடத்தில் வாழைக்கு மண் அணைப்பது என்று ஏதேனும் ஒரு வேலை இருக்கும். சர்க்கரை நோய் கண்டறியப்பட்டு நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன. எல்லைக்கு அந்தப் பக்கம் ஒரு மருத்துவர் எழுதித் தந்த மாத்திரையையே தொடர்ந்து எடுத்துவந்தார். கிளிமிபிரைடு 2 மில்லிகிராமும் மெட்ஃபார்மின் 500 மில்லிகிராமும் சேர்ந்த மாத்திரை அது; காலையில் ஒன்று, இரவில் ஒன்று. மருந்து உறையின் மேல் மலையாளத்தில் 'ராவிலே ஆகாரத்தினு மும்பு' (காலையில் உணவுக்கு முன்பு) என்று எழுதியிருந்தது. அந்த ஒரு வரியை அவர் எப்படிப் பொருள்கொண்டார் என்பதை நாங்கள் கேட்காமல் விட்டதிலிருந்தே இந்த நிகழ்வு தொடங்குகிறது.

தொழிலின் நேர ஒழுங்கை அறியாதவர்களுக்காக ஒரு விளக்கம் சொல்ல வேண்டும். ரப்பர் மரத்தின் பால் குழாய்களில் அழுத்தம் மிகுந்திருப்பது விடியலுக்கு முன்பு. வெயில் ஏறி இலைகள் நீரை ஆவியாக்கத் தொடங்கியதும் அந்த அழுத்தம் குறைந்து, பால் ஓட்டமும் குறையும். ஆகவே வெட்டுக்காரர் அதிகாலை நான்கு மணிக்கே எழுந்து, தலையில் ஹெட்லைட்டைக் கட்டிக்கொண்டு இறங்குகிறார். வெட்டி முடிக்க மூன்றரை மணி நேரம், பால் வடிந்து நிற்க மேலும் சிறிது நேரம், பிறகு சிரட்டை சிரட்டையாக எடுத்து ஊற்றும் வேலை. எல்லாம் முடிந்து அவர் உட்கார்ந்து வயிறார உண்பது காலை ஒன்பதரை மணிக்கு.

முதல் சந்திப்பும் எங்கள் முதல் அறிவுரையும்

2023 ஜூன் மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் நாங்கள் நடத்திய முகாமுக்கு அவர் வந்தார். அன்று வெட்டு இல்லை. காலை எட்டு மணிக்கு வெறும் வயிற்றில் எடுத்த இரத்தச் சர்க்கரை 164 மில்லிகிராம். மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி 9.4 சதவீதம். இரத்த அழுத்தம் 136/84. உயரம் 165 சென்டிமீட்டர், எடை 61 கிலோ. உடல் நிறைக் குறியீட்டெண் 22.4 என்பதால் பார்வைக்கு ஒல்லியான மனிதர்தான். ஆயினும் இடுப்புச் சுற்றளவு 92 சென்டிமீட்டர் இருந்தது. நம்மவர்களில் ஆண்களுக்கு 90 சென்டிமீட்டரைத் தாண்டினாலே வயிற்றுக் கொழுப்பு கூடுதல் என்று கொள்வது வழக்கம். கைகால் மெலிந்து வயிறு மட்டும் தள்ளியிருக்கும் இந்த உடல்வாகை எங்கள் பகுதித் தொழிலாளர்களிடம் அடிக்கடி காண்கிறேன். எடையை மட்டும் பார்ப்பவர்கள் இவர்களைத் தவறவிட்டுவிடுவார்கள்.

இரத்தச் சோகை இருந்தால் எச்பிஏ1சி தவறாகக் காட்டலாம் என்பதால் ஹீமோகுளோபினும் பார்த்தோம், 13.1 இருந்தது. ஆக, 9.4 என்ற எண்ணை நம்பலாம். மெட்ஃபார்மினின் அளவைக் கூட்டலாம் என்று எண்ணிய எங்கள் மருத்துவர், முதலில் உணவையும் உடற்பயிற்சியையும் சரிசெய்து ஒரு மாதம் பார்ப்போம் என்று தீர்மானித்தார். அறிவுரை சொல்லும் பொறுப்பு என்னுடையது.

நான் சொன்னவை இவை. சாயாவில் சர்க்கரை கூடாது. மரச்சீனிக் கிழங்கை (மரவள்ளியை) நிறுத்த வேண்டும். இரவுச் சோற்றைப் பாதியாக்க வேண்டும். மாத்திரையைத் தவறாமல், நேரத்துக்கு எடுக்க வேண்டும். மாலையில் அரை மணி நேரம் வேகமாக நடக்க வேண்டும். கடைசி அறிவுரையைக் கேட்டதும் அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"வெளுப்பாங்காலத்தே எழும்பி மரம் மரமாட்டு நடக்கேன் சிஸ்டர். இதுக்கு மேல என்னத்துக்கு நடப்பு?"

அது நல்ல கேள்வி. நான் அதற்குள் நுழைந்து பேசியிருக்க வேண்டும். வரிசையில் இன்னும் இருபது பேர் நின்றார்கள். "வேலை வேற, உடற்பயிற்சி வேற அண்ணன்" என்று சொல்லி அச்சிட்ட தாளைக் கையில் கொடுத்து அனுப்பினேன். அவர் சொன்னதைச் செய்யும் மனிதர். அன்று மாலையே நடக்கத் தொடங்கினார். மறுநாள் முதல் சாயாவில் சர்க்கரையை விட்டார். இரவில் கிழங்கு வைக்க வேண்டாம் என்று மனைவியிடம் சொல்லிவிட்டார்.

பத்தொன்பதாம் நாள்

முகாம் முடிந்து பத்தொன்பதாம் நாள் காலை ஏழு மணி அளவில், பக்கத்துத் தோட்டத்தில் வெட்டிக்கொண்டிருந்தவர் இவருடைய ஹெட்லைட் வெகுநேரமாக ஒரே இடத்தில், தரையோடு எரிவதைக் கண்டு வேலி தாண்டி வந்தார். விடிந்துவிட்ட பிறகும் அதை அணைக்காமல், மரத்தடியில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார் நம்மவர். சட்டை நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. கூப்பிட்டதற்கு மறுமொழி சொன்னார். ஆனால் வார்த்தைகள் கோவையாக இல்லை. கத்தி இரண்டடி தள்ளிக் கிடந்தது. காயம் எதுவும் இல்லை. வந்தவர் தம் பிளாஸ்க்கில் இருந்த இனிப்புச் சாயாவைப் புகட்டினார். விழுங்கும் அளவுக்கு நினைவு இருந்ததால் அது பலித்தது. நினைவு முற்றிலும் தப்பியிருந்தால் வாயில் எதையும் ஊற்றக்கூடாது என்பதை அவருக்கு யாரும் சொல்லிக் கொடுத்திருக்கவில்லை.

ஆட்டோவில் எங்களிடம் வந்துசேர நாற்பது நிமிடம் ஆயிற்று. இனிப்புச் சாயா குடித்து அவ்வளவு நேரம் கழித்தும் சர்க்கரை 71 மட்டுமே இருந்தது. 70-க்குக் கீழே இறங்கினால் தாழ்வு என்று கொள்கிறோம். தோட்டத்தில் உட்கார்ந்திருந்தபோது அதற்கும் வெகுவாகக் கீழே இருந்திருக்கும் என்பதில் எங்களுக்கு ஐயமில்லை. மருத்துவர் கூட்டு மாத்திரையை அன்றே நிறுத்தினார். ஒரு வாரத்துக்கு மெட்ஃபார்மின் மட்டும், அதுவும் உண்ட பிறகு என்று மாற்றி, வீட்டில் வைத்துப் பார்க்க ஒரு குளுக்கோமீட்டரையும் கொடுத்தனுப்பினார்.

அன்று மாலை அந்த அச்சிட்ட தாளை எடுத்து மறுபடி படித்தேன். அதில் இருந்த ஒவ்வொரு வரியும் தனித்தனியே சரியானது. அவை எல்லாம் சேர்ந்து இந்த மனிதரின் நாளுக்குள் நுழைந்தபோது அவரை மரத்தடியில் உட்காரவைத்துவிட்டன.

வீட்டிலும் தோட்டத்திலும் கண்டவை

மறுவாரம் அவர் வீட்டுக்குச் சென்றேன். முதலில் அவருடைய மனைவியிடம், எழுந்தது முதல் படுப்பது வரை ஒரு வெட்டு நாளை மணி மணியாகச் சொல்லச் சொன்னேன். பத்து நிமிடத்தில் எல்லாம் தெளிவாகிவிட்டது.

'ராவிலே ஆகாரத்தினு மும்பு' என்ற வரியை அவர் எழுந்தவுடன் என்று கொண்டிருந்தார். நான்கு மணிக்கு மாத்திரை, ஒன்பதரைக்கு ஆகாரம். கிளிமிபிரைடு கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்கவைக்கும் மருந்து. அதை முதல் வேளை உணவோடு ஒட்டியே எடுக்க வேண்டும். இவர் ஐந்தரை மணி நேர இடைவெளி விட்டு, அதற்கு நடுவே மேடும் பள்ளமுமான நிலத்தில் 320 மரங்களைச் சுற்றிவந்திருக்கிறார். உழைக்கும் தசை இன்சுலின் உதவி இல்லாமலேயே இரத்தத்திலிருந்து சர்க்கரையை இழுத்துக்கொள்ளும் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், இவர் முன்பே விழாமல் இருந்ததுதான் கேள்விக்குரியது.

அதற்கும் விடை கிடைத்தது. நான்கு ஆண்டுகளாக இவரைக் காப்பாற்றி வந்தவை பெரும்பாலும் நான் நிறுத்தச் சொன்ன அதே பொருள்கள். காலையில் மூன்று கரண்டி சர்க்கரை போட்ட கட்டஞ்சாயா (பாலில்லாத தேநீர்), முந்தின இரவின் மீந்த கிழங்கில் இரண்டு துண்டு, பைக்குள் ஒரு பன். "ராத்திரி கிழங்கு வச்சாத்தானே சிஸ்டர் காலத்தே மிச்சம் கிடக்கும்" என்றார் அந்த அக்கா. இரவுக் கிழங்கை நிறுத்தியபோது காலைக் கிழங்கும் தானாகவே நின்றுபோனதை நான் எதிர்பார்க்கவில்லை. மாலை நடையும் தன் பங்கைச் செய்திருக்கிறது: கூடுதலாக உழைத்த தசைகள் தம் கையிருப்பை நிரப்பிக்கொள்வதற்காக அடுத்த பல மணி நேரம் சர்க்கரையை எடுத்துக்கொண்டே இருக்கும், இரவு மாத்திரையின் வேலையும் அதோடு சேர்ந்துகொண்டது.

பிறகு அவரோடு தோட்டத்துக்குப் போனேன். முதல் வரிசையில் பட்டையைக் காட்டினார். கத்தி மரத்தைத் தொடாமல், உள்ளே உயிருள்ள படலத்துக்கு மேல் ஒரு மில்லிமீட்டர், மிஞ்சினால் ஒன்றரை மில்லிமீட்டர் பட்டையை விட்டு, கயிறு பிடித்தாற்போல் ஒரே சாய்வில் ஓடியிருந்தது. முப்பது ஆண்டுக் கை. கடைசி வரிசைகளுக்கு வந்தோம். அங்கே வெட்டுக்கோட்டில் ஆங்காங்கே கத்தி ஆழ இறங்கி, வெள்ளை மரம் தெரியும்படி காயம் பட்டிருந்தது. ஒவ்வொரு வெட்டிலும் பட்டை ஒன்றரை மில்லிமீட்டர் அளவுக்குக் கீழே இறங்கும் என்பதால், வெட்டுப்பட்ட பரப்பு மேலிருந்து கீழாக ஒரு நாட்குறிப்பு போல இருக்கிறது. அளவுகோலை வைத்துப் பார்த்தேன். மேலே, பழைய வெட்டுகளில், இரண்டு சென்டிமீட்டருக்கு ஒன்று என்ற கணக்கில் சிறு காயங்கள். அடியில் இருந்த கடைசி ஒன்றரைச் சென்டிமீட்டரில், அதாவது எங்கள் அறிவுரைக்குப் பிந்தைய ஒன்பது பத்து வெட்டுகளில், ஏறக்குறைய எல்லாவற்றிலும் காயம். எப்போதும் ஒரே முனையிலிருந்து தொடங்குவதால், கடைசி மரங்களுக்கு அவர் வரும் நேரம் ஆறரைக்குமேல்.

சர்க்கரை தாழும்போது கை நடுங்கும், வியர்க்கும், நெஞ்சு படபடக்கும், கவனம் சிதறும். பால்வெட்டில் வியர்ப்பது யாருக்கும் புதிதல்ல. ஆகையால் அவரும் மனைவியும் அதை உழைப்பின் அலுப்பு என்றே எண்ணியிருந்தனர். மரத்துக்குக் காயம் பட்டதற்காகத் தோட்டக்காரர் கடிந்துகொண்டதையும், வயதாகிவிட்டது என்று அவரே தம்மை நொந்துகொண்டதையும் அன்று சொன்னார். அதைக் கேட்டபோது எனக்கு மிகவும் வருத்தமாக இருந்தது. கை தளர்ந்துபோகவில்லை, அந்த நேரத்தில் கைக்குச் சர்க்கரை கிடைக்கவில்லை. அதை அவரிடம் இதே சொற்களில் சொன்னேன்.

வீட்டில் இருந்த மாத்திரைகளை எல்லாம் திண்ணையில் பரப்பச் சொன்னபோது இன்னொன்றும் தெரியவந்தது. எல்லைக்கு அப்பால் வாங்கியதும், இந்தப் பக்கம் அரசு வழியாகக் கிடைத்ததும் வெவ்வேறு பெயர்களில், வெவ்வேறு நிற அட்டைகளில், ஒரே பெட்டியில் கிடந்தன. ஒன்று தீர்ந்தால் மற்றதை எடுப்பது வழக்கம். இரண்டையும் ஒரே நாளில் எடுத்ததில்லை என்று உறுதியாகச் சொன்னார். இரு மாநிலத்திலும் மருத்துவம் பார்க்கும் எங்கள் ஊர்களில் இந்தப் பெட்டியைத் திறந்து பார்ப்பது கட்டாயம் என்று அன்று முதல் கருதுகிறேன்.

இரவு உணவையும் பார்த்தேன். நிறுத்துவதற்கு முன் வழக்கமாக வைக்கும் அளவைத் தட்டில் வைத்துக் காட்டும்படி கேட்டுக்கொண்டேன். அந்த அக்கா தேங்காய் அரைத்துச் சேர்த்து மசித்த கிழங்கைத் தட்டின் விளிம்பு வரை பரப்பி, நடுவில் குழி செய்து, சாளை (மத்தி) மீன் குழம்பை ஊற்றினார். கிழங்கை மட்டும் எடைபோட்டபோது 540 கிராம் இருந்தது. ஏறத்தாழ 170 முதல் 190 கிராம் மாவுச்சத்து ஒரே வேளையில். அதற்கு மேல் கொஞ்சம் சோறும் உண்டு. மீனோ இரண்டு துண்டு. நாள் முழுவதும் ஆறு கிளாஸ் சாயாவில் சேர்ந்த சர்க்கரை 50 கிராமைத் தாண்டியது. காலையில் தாழ்ந்து மயங்கும் ஒருவருக்கு எச்பிஏ1சி 9.4 வந்தது எப்படி என்ற குழப்பம் இங்கே தீர்ந்தது: விடியலில் பள்ளம், இரவில் மலை. சராசரி எண் இரண்டையும் மூடிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை முகாமும் பள்ளத்தைக் காட்டாமல் மறைத்துவிட்டது.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

அந்த ஒரு வாரத்து வீட்டு அளவுகளும் இதையே உறுதிசெய்தன. கிளிமிபிரைடு இல்லாத வெட்டு நாள்களில் காலை ஆறே முக்கால் மணிக்குச் சர்க்கரை 104 முதல் 121 வரை இருந்தது, நடுக்கம் இல்லை. இரவு உண்டு இரண்டு மணி நேரம் கழித்து 240-க்குக் குறையவில்லை.

மருந்தில் மருத்துவர் செய்த மாற்றம் இது: கிளிமிபிரைடு இரு வேளையும் நிரந்தரமாக நிறுத்தப்பட்டது, சிறுநீரகச் செயல்பாட்டைச் சோதித்துச் சரியாக இருந்ததால் மெட்ஃபார்மின் படிப்படியாகக் கூட்டப்பட்டு, ஒன்பதரை மணி உணவுக்குப் பின்னும் இரவு உணவுக்குப் பின்னும் என்று ஆயிற்று, அதோடு, தனியே எடுத்தால் சர்க்கரையை அபாயகரமாகத் தாழ்த்தாத வேறு வகை மாத்திரை ஒன்று சேர்க்கப்பட்டது. மூன்று மாதத்தில் எண்கள் வேகமாக இறங்காவிட்டாலும் பரவாயில்லை, தோட்டத்தில் தனியே கத்தியோடு இருப்பவர் இன்னொரு முறை விழக்கூடாது என்பதே அவர் சொன்ன காரணம். மாத்திரையைத் தாமாக நிறுத்துவதும் குறைப்பதும் இதைப் படிக்கும் யாருக்கும் பொருந்தாது; இங்கே ஒவ்வொரு மாற்றமும் அளந்து பார்த்த பிறகு செய்யப்பட்டது.

உணவில் முதல் கேள்வி நான்கு மணிக்கு என்ன உண்பது என்பது. அந்த நேரத்தில் வயிற்றுக்குள் ஒன்றும் இறங்காது என்றார் அவர். இட்லி, கஞ்சி என்று நான் முன்வைத்தவை எல்லாம் தள்ளுபடியாயின. கடைசியில் அவருடைய மனைவியே வழி சொன்னார்: சர்க்கரையில்லாத கட்டஞ்சாயா, ஒரு மட்டிப்பழம் (சிறு வாழைப்பழம்), ஒரு கைப்பிடி வறுத்த நிலக்கடலை. சிறிய பழம் என்பதால் சர்க்கரை திடீரென ஏறாது; கடலை மெல்லச் செரித்து நெடுநேரம் நிற்கும். ஆறேகால் மணிக்கு, பாதி மரங்கள் முடிந்ததும், தூக்குவாளியில் கொண்டுபோகும் வேகவைத்த சிறுபயறும் தேங்காய்த் துருவலும். இதற்குப் பத்து நிமிடம் நிற்க வேண்டும் என்பதில்தான் சிக்கல். பத்து நிமிடம் தாமதித்தால் கடைசி மரங்களில் பால் குறையும் என்ற அவருடைய அச்சம் நியாயமானது. அவருக்குக் கூலி பாலின் கணக்கில். தோட்டக்காரரிடம் நானே பேசினேன். காயம்பட்ட மரம் அந்த இடத்தில் புடைத்து முண்டு கட்டிப் பின்னாளில் வெட்டுக்கே உதவாமல் போகும் என்பதை என்னைவிட அவர் நன்கு அறிவார். பத்து நிமிடத்தை அவர் உடனே ஒப்புக்கொண்டார்.

மரச்சீனியைப் பற்றிய என் கருத்தை முற்றிலும் மாற்றிக்கொண்டேன். 1880-களில் திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள் காலத்தில் பரவலாக்கப்பட்டு, இரண்டாம் உலகப்போர்க் கால அரிசித் தட்டுப்பாட்டில் இங்குள்ள ஏழைகளின் உயிரைப் பிடித்துவைத்த கிழங்கு அது. 1956 நவம்பர் 1 அன்று இந்த மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்த பிறகும் எங்கள் அடுக்களைகள் அதை விடவில்லை. அதை நஞ்சு போலச் சித்திரித்தால் மக்கள் நம் முன்னால் தலையாட்டிவிட்டு வீட்டில் உண்பார்கள். ஆகவே வாரத்தில் மூன்று இரவு, ஒரு சிறு கிண்ணம், 150 கிராம் என்று வைத்துக்கொண்டோம். கிழங்கு உள்ள வேளையில் சோறு இல்லை. மீன் நான்கைந்து சாளை, குழம்பாக, பொரிக்காமல். கூட முருங்கை இலையோ பயற்றங்காயோ ஒரு துவரன் (தேங்காய் சேர்த்த பொரியல்). தட்டில் கிழங்குக்கு முன்பு துவரன் விழ வேண்டும் என்பது மட்டுமே நான் போட்ட விதி. இடம் முதலில் நிரம்பிவிட்டால் கிழங்கு தானாகக் குறைந்தது.

புரதமும் கணக்கில் வந்தது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலும் ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 0.83 கிராம் புரதம் என்று பரிந்துரைக்கின்றன. 61 கிலோவுக்கு 50 கிராமுக்குச் சற்று மேல். அவருக்குக் கிடைத்தது நாற்பதை எட்டவில்லை. நூறு கிராம் மீனில் 20 கிராம் அளவுக்குப் புரதம் உண்டு; மரச்சீனியிலோ ஒன்றரை கிராமைத் தாண்டாது. ஒன்பதரை மணிக்குச் சம்பா அரிசிக் கஞ்சியோடு பயறும் இரவில் மீனும் கூடியதில் பற்றாக்குறை பெரும்பாலும் தீர்ந்தது. செலவு கூடவில்லை, ஏனென்றால் பன்னும் சர்க்கரையும் குறைந்திருந்தன.

இனி அவருடைய பழைய கேள்வி. 'மரம் மரமாக நடக்கிறேனே, இன்னும் எதற்கு நடை?' ஒரு வெட்டு நாளில் அவர் கைப்பேசியைச் சட்டைப் பையில் போட்டு எண்ணியபோது ஒன்பதாயிரம் காலடிகளுக்கு மேல் வந்தது. உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டுதல் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிட மிதமான உடலுழைப்பைக் கேட்கிறது. வேலையில் செய்யும் உழைப்பையும் அது கணக்கில் சேர்க்கிறது. அப்படியானால் வெட்டு உள்ள வாரங்களில் அவர் சொன்னதே சரி, நான் சொன்னது தவறு. மாலை அரை மணி நடையை விலக்கிக்கொண்டேன். மாறாக, இரவு உணவுக்குப் பின் பன்னிரண்டு நிமிடம் முற்றத்திலும் ரோட்டிலுமாக மெல்ல நடக்கச் சொன்னேன். உண்டவுடன் ஏறும் அந்த மலையைக் குறைப்பதற்கு அதுவே உரிய நேரம்.

அதே வழிகாட்டுதல் வாரத்தில் இரு நாளாவது தசை வலுவூட்டும் பயிற்சியையும் கேட்கிறது. அது மட்டும் அவருடைய வேலையில் இல்லை. அவர் குனிவதெல்லாம் இடுப்பை வளைத்துத்தான்; தொடை வேலை செய்வதில்லை. வெட்டில்லாத நாள்களில் திண்ணையிலிருந்து கையூன்றாமல் எழுந்து உட்கார்வது பத்துப் பத்தாக இரு முறை, சுவரில் கையூன்றித் தள்ளுவது, குதிகாலை உயர்த்தி நிற்பது என்று மூன்று பயிற்சிகள் தந்தோம். தாழ்ந்த வெட்டுக்கு முட்டியை மடக்கி இறங்கும் முறையையும் மரத்தடியிலேயே பழகினோம்.

தாழ்வு வந்தால் செய்ய வேண்டியதை மூவருக்கும், அதாவது அவருக்கும் மனைவிக்கும் பக்கத்துத் தோட்டத்து வெட்டுக்காரருக்கும், ஒன்றாக உட்காரவைத்துச் சொன்னேன். நடுக்கமோ வியர்வையோ கிறக்கமோ தோன்றிய உடன் கத்தியைக் கீழே வைத்துவிட்டு உட்கார வேண்டும். இடுப்புப் பொட்டலத்தில் உள்ள 15 கிராம் சர்க்கரையை, ஏறத்தாழ மூன்று தேக்கரண்டி, தண்ணீரில் கலந்து குடிக்க வேண்டும். கால் மணி நேரம் பொறுத்து மீண்டும் பார்த்து, தெளியவில்லையெனில் மறுபடி அதே அளவு. தெளிந்ததும் பயறையோ பழத்தையோ உண்ண வேண்டும். நினைவு தப்பினால் வாயில் எதுவும் ஊற்றாமல், ஒருக்களித்துப் படுக்கவைத்து 108-ஐ அழைக்க வேண்டும். அரை மணி நேரத்தில் அவர்கள் மூவரும் எனக்கே திருப்பிச் சொன்னார்கள்.

தொடர்ந்தவை

அக்டோபரில் எச்பிஏ1சி 8.0 ஆகக் குறைந்தது. இடைப்பட்ட மாதங்களில் 80-க்குக் கீழே ஓர் அளவும் பதிவாகவில்லை. வடகிழக்குப் பருவமழையில் வெட்டு நின்ற நாள்களில் அளவுகள் சற்று ஏறின, அது எதிர்பார்த்ததே. இரவு நடையை மழையில் விட்டுவிட்டார், திண்ணைப் பயிற்சியை விடவில்லை.

பின்னடைவு பிப்ரவரியில் வந்தது. ரப்பர் இலையுதிர்த்துத் தளிர்க்கும் காலத்தில் வெட்டை நிறுத்திவிடுவார்கள். அந்த ஒன்றரை மாதம் அவருக்கு வேலையும் இல்லை, வருமானமும் குறைவு. கவலையில் சாயாக்கடைத் திண்ணையில் உட்கார்ந்திருப்பது கூடி, சர்க்கரை மறுபடி சாயாவுக்குள் நுழைந்தது. மார்ச் இறுதியில் எடை இரண்டு கிலோ கூடியிருந்தது. வெறும் வயிற்று அளவு 150-ஐத் தாண்டியிருந்தது. ஒன்பதாயிரம் காலடி ஒரே நாளில் இல்லாமல் போகும் என்பது தோட்டத்து நாள்காட்டியில் முன்பே எழுதப்பட்ட செய்தி. அதற்கான திட்டத்தை ஜனவரியிலேயே நாங்கள் தந்திருக்க வேண்டும். ஏப்ரலில்தான் காலை நடை அரை மணி, வாரத்தில் ஐந்து நாள் என்று தொடங்கினோம். இரவு மாத்திரையின் வகை மாறிவிட்டதால் இப்போது அந்த நடையில் ஆபத்து இல்லை. பக்கத்துத் தோட்டத்து வெட்டுக்காரரும் சேர்ந்துகொண்டார்.

2024 ஜூனில் எச்பிஏ1சி 7.2. இடுப்புச் சுற்றளவு 89. கடைசி வரிசை மரங்களைப் பார்க்க நான் மறுபடி போனேன். புதிய வெட்டுகளில் காயம் இரண்டோ மூன்றோதான் இருந்தது. பழைய காயங்கள் முண்டு கட்டத் தொடங்கியிருந்தன. குனிந்து வெட்டுவதால் இருந்த முதுகுவலி முற்றிலும் தீரவில்லை. பாதத்தில் உணர்வுச் சோதனை சரியாக இருந்தாலும், அவர் இன்னும் ரப்பர் செருப்போடுதான் தோட்டத்தில் இறங்குகிறார். மூடிய காலணிக்கு இசையவைக்க எங்களால் இதுவரை முடியவில்லை.

மாற்றிக்கொண்டவை

முகாமை ஞாயிறன்று மட்டும் வைப்பதை விட்டுவிட்டோம். மாதத்தில் ஒரு வேலை நாளில், காலை ஆறரை மணிக்கு, தோட்டங்கள் சந்திக்கும் முக்கில் மேசை போடுகிறோம். கிளிமிபிரைடு வகை மாத்திரை எடுக்கும் ஒருவரிடம் உணவைக் குறைக்கவோ உழைப்பைக் கூட்டவோ சொல்லுமுன் மருத்துவரிடம் அந்தத் தகவல் போய்ச்சேர வேண்டும். செவிலியர் தனியாக அந்த அறிவுரையைத் தருவதில்லை. 'உணவுக்கு முன்' என்று உறையில் எழுதுவதையும் நிறுத்திவிட்டு, எந்த உணவுக்கு, எத்தனை மணிக்கு என்று அவரவர் நாளைக் கேட்டு எழுதுகிறோம். மீன்காரர்களுக்கு அது பகல் பதினொன்றாக இருக்கும், இரவுக் காவலாளிக்கு மாலை ஆறாக இருக்கும்.

அச்சிட்ட தாளை இப்போது நான் கொடுப்பதில்லை. பதிவேட்டின் முதல் பக்கத்தில் ஒரு வெற்றுக் கடிகாரம் வரைந்து வைத்திருக்கிறேன். எதிரே இருப்பவர் எழும் நேரம், முதல் வாய் உண்ணும் நேரம், மாத்திரை நேரம், கடும் உழைப்பு நேரம் ஆகிய நான்கையும் அதில் குறித்த பிறகே சர்க்கரை அளவைப் பார்க்கிறேன். வரிசையில் இருபது பேர் நிற்கும் நாளிலும் அதற்கு இரண்டு நிமிடத்துக்கு மேல் ஆவதில்லை. முதல் மாதத்திலேயே எழும் நேரத்துக்கும் முதல் வாய்க்கும் இடையே ஐந்து மணி நேரத்துக்குமேல் இடைவெளி உள்ள இன்னும் நான்கு பால்வெட்டுக்காரர்கள் அதில் தென்பட்டார்கள். அவர்களுள் இருவர் கிளிமிபிரைடை நான்கு மணிக்கே விழுங்கிக்கொண்டிருந்தார்கள்.